உளுந்து வேர் முடிச்சும் யூரியா மூட்டையும்

அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "பிசானப் பருவ நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருக்கிறேன். செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள். பக்கத்து வயல்காரர், இது வேர்ப்புழு, மருந்து ஊற்று என்கிறார். கடையில் கேட்டால், அது காற்றிலிருந்து உரம் எடுக்கிற பாக்டீரியா என்கிறார்கள். முண்டந்துறைக் காட்டுக்கு யாரும் யூரியா போடுவதில்லை, பச்சையாகத்தானே நிற்கிறது? அப்படியானால் அடுத்து வரும் கார் பருவ நெல்லுக்கு யூரியாவை விட்டுவிடலாமா?"

மருந்து ஊற்ற அவசரப்படாதீர்கள். முதலில் அந்த உருண்டை என்னவென்று பார்த்துவிடுவோம்.

செடியைக் கையால் வெடுக்கென்று இழுத்தால் முடிச்சில் பாதி மண்ணிலேயே தங்கிவிடும். பூக்கிற பருவத்தில் ஒரு செடியை மண்கட்டியோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கரையவிடுங்கள். உருண்டை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் கழன்று வந்தால் அது ரைசோபியம் முடிச்சு, கடைக்காரர் சொன்ன பாக்டீரியாவின் வீடு. வேரே அங்கங்கே வீங்கி, தள்ளினாலும் வராமல் இருந்தால் அது நூற்புழு, பக்கத்து வயல்காரர் சொன்ன வேர்ப்புழு. இரண்டும் ஒரே செடியில் இருக்கவும் கூடும்.

அடுத்து, கழன்று வந்த முடிச்சை நகத்தால் இரண்டாகக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தால் பாக்டீரியா முழு மூச்சாக வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் பிஞ்சு, அல்லது உள்ளே இருக்கிற பாக்டீரியா உதவாத வகை. பச்சையோ பழுப்போ தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்துச் சிவப்புப் பொருளின் சொந்தக்காரன்தான் அது. நைட்ரஜனைப் பிடிக்கிற நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. வயலில் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய விஞ்ஞானங்களில் இதைவிட அழகானதை நான் கண்டதில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுக்க முடியாது. ஆலையில் அதைப் பிரித்து அமோனியா ஆக்க 400 டிகிரி வெப்பமும், சாதாரணக் காற்றைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவை. பாக்டீரியா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே, இரும்பும் மாலிப்டினமும் கொண்ட நொதியால் முடிக்கிறது. அதற்கும் செலவு உண்டு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16 ஏடிபி, அதாவது உயிரணு ஆற்றலைச் செலவழிக்கிற சில்லறைக் காசு 16. அந்த ஆற்றலுக்கான சர்க்கரையைச் செடிதான் கொடுக்கிறது. அதனால் மண்ணில் யூரியா சுலபமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். வளரும் உளுந்துக்கு மேலுரமாக யூரியா வீசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காசு கொடுத்து இலவச வரவை அடைக்கிறார்கள்.

சரி, காட்டுக் கதைக்கு வருவோம். களக்காடு முண்டந்துறை மலையில் வேங்கை, ஈட்டி போன்ற மரங்களின் வேரில் முடிச்சு உண்டு. அதற்காக உளுந்து சேர்ந்த அவரைக் குடும்பம் எல்லாம் முடிச்சு வைக்கும் என்று எண்ண வேண்டாம். புளியும் சரக்கொன்றையும் அதே குடும்பம், முடிச்சே கிடையாது. இவை தவிர, உதிர்ந்த சருகிலும், பாறைமேல் படரும் பாசியிலும், மரப்பட்டையில் ஒட்டும் சில மரப்பாசிகளிலும் வேர் முடிச்சு இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரஜனைச் சேர்க்கின்றன. ராதாபுரம் பக்கம் கடற்கரை மணலில் சவுக்கு நிற்கிறதே, அதற்குக் கைகொடுப்பது பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்.

ஆனால் முதிர்ந்த காட்டில் ஒரு மரம் ஓர் ஆண்டில் எடுக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி புதிதாகப் பிடித்தது இல்லை. போன வருஷத்து இலை மக்கித் திரும்பி வந்தது. காட்டிலிருந்து யாரும் வண்டி கட்டி விளைச்சலை ஏற்றிப் போவதில்லை. அதனால் சிறு வரவே போதுமானதாக இருக்கிறது. வயல் அப்படியில்லை. ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைட்ரஜன் எடுக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறத்தாழ 20 கிலோதான். உளுந்திலும் 100 கிலோ பருப்பு வீட்டுக்கு வந்தால் அதனுடன் கிட்டத்தட்ட 4 கிலோ நைட்ரஜன் வயலை விட்டுப் போகிறது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: யூரியாவைக் குறைக்கலாம், இப்போதே அடியோடு விடமுடியாது.

எவ்வளவு குறைக்கலாம் என்பது உளுந்தை நீங்கள் எப்படி அறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் பக்கம் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். வேரும் முடிச்சில் பாதியும் களத்துக்குப் போய்விட்டால் வயலுக்கு மிஞ்சுவது அறுந்து தங்கிய முடிச்சும் உதிர்ந்த இலையும்தான். அடுத்த முறை அரிவாளால் அடியில் அறுங்கள். வேரில் இருக்கிற நைட்ரஜன் அதிகமில்லை, ஆனால் பாக்டீரியா மண்ணிலேயே தங்கும். அதிகம் இருப்பது உளுந்தம் பொட்டில். அதை மாட்டுக்குப் போட்டால், அந்தச் சாணம் அதே வயலுக்குத் திரும்பட்டும்.

நம் பெரியவர்கள் வெளியே பிடித்த நைட்ரஜனை வயலுக்குக் கொண்டுவர வழி வைத்திருந்தார்கள். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரம் வேர் முடிச்சு வைக்கும் மரம். அதன் நெற்றை ஆடு தின்று, இரவில் வயலில் கிடை போட்டால், குளத்து நைட்ரஜன் வயலுக்கு வந்துவிடும். கோடையில் குளத்து வண்டல் அடிப்பதும் அதே கணக்கு. கிடை போடுகிறவர்கள் இப்போதும் வருகிறார்கள் என்றால் விடாதீர்கள். உளுந்து போடாத துண்டில் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள்.

தேங்கிய நெல் வயலிலும் வரவு உண்டு. தண்ணீரில் மிதக்கும் நீலப்பச்சைப்பாசி நைட்ரஜனைப் பிடிக்கிறது என்பதை நம் நாட்டு நெல்மண்ணை ஆராய்ந்து பி.கே. டே என்ற விஞ்ஞானி 1939-இல் காட்டினார். அசோலா விட்டால் அதன் இலைக்குள் குடியிருக்கும் பாசியும் அதே வேலையைச் செய்யும்.

நீண்ட நாள் தண்ணீர் நின்ற வயலில் ரைசோபியம் குறைந்திருக்கும். முடிச்சு குறைவாகவோ உள்ளே வெள்ளையாகவோ இருந்தால், அடுத்த உளுந்துக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். உளுந்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

அப்புறம் கார் நெல்லுக்கு இலை வண்ண அட்டை ஒன்று, அதாவது வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்ட அட்டை, வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடம்பு நிழலில் வைத்து, மேலே முழுதாக விரிந்த 10 இலைகளை அட்டையோடு ஒப்பிடுங்கள். அம்பை 16 போன்ற ரகத்துக்கு அளவு 4-ஆம் எண் பட்டை. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே போனால் அந்தத் தவணை யூரியாவைப் போடுங்கள், போகவில்லை என்றால் அந்த வாரம் போடாதீர்கள்.