சொல் விளக்கம்: அந்தரங்கம்

கேள்வி: அந்தரங்கம் என்றால் இரகசியம்தானே, அப்படியானால் 'அந்தரங்க நண்பர்' என்பவர் மறைவான நண்பரா? எங்கள் வன்னிப் பேச்சிலுள்ள 'அந்தரம்' இதற்கு உறவா?
– வாசகர், மாங்குளம்

பதில்: மறைவான நண்பர் என்று கொள்ளலாகாது. வடமொழியில் 'அந்தர்' உள்ளே என்றும் 'அங்கம்' உறுப்பு என்றும் பொருள்படுவதால், இச்சொல் அடிப்படையில் உட்பகுதியையே குறிக்கிறது. உள்ளிருப்பது பிறர் கண்ணுக்குப் படாததால் இரகசியம் என்ற பொருளும், அங்கே அனுமதிக்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராதலால் நெருக்கம் என்ற பொருளும் கொள்ளப்படுகின்றன. ஆகவே அந்தரங்க நண்பர், நம் மனத்தில் உள்ளதை ஒப்படைக்கத் தக்கவர். 'அந்தரங்க சுத்தியோடு' என்னும்போதோ மறைவு நீங்கி உள்ளத்தூய்மை மட்டுமே நிற்கிறது. இவ்வழகிய வழக்கை நம் இளையோர் கைவிடலாகாது என்பது என் விருப்பம். 'அந்தரப்படாதேங்கோ' என்று நீங்கள் சொல்லும் அந்தரம், இடைவெளியையும் ஆகாயத்தையும் குறிக்கும் சொல். பிடிமானமின்றித் தவிக்கும் மனநிலைக்கு அது பொருந்தி வருகிறது.