சீனி வருத்தம், கொழுப்பு, சிறுதட்டு: உங்கள் கேள்விகள்

டெங்கு வந்தபோது சிறுதட்டு (இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்) 40 ஆயிரத்துக்கு இறங்கியது. இப்போது 2 இலட்சத்து 40 ஆயிரம். சீனி வருத்தம் உள்ள எனக்கு இனிப் பயமில்லைதானே, டொக்டர்? (சுன்னாகம்)

டெங்குப் பயம் தீர்ந்தது, சரி. ஆனால் எண்ணிக்கை வேறு, குணம் வேறு. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் சிறுதட்டுக் கணக்குத்தான் பேச்சு. அதனால் குறைந்தால் ஆபத்து, நிறைந்தால் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. சீனி வருத்தத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிறுதட்டுகள்தான் சின்னத் தூண்டலுக்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக அவற்றை அடக்கி வைப்பதில் இன்சுலினுக்கும் பங்குண்டு. அது சரியாக வேலை செய்யாதபோது அந்தப் பிடி தளர்கிறது. கூடிய சீனி சிறுதட்டின் மேலுறைப் புரதங்களிலும் படிகிறது. இதயக் குழாயில் உள்ள கொழுப்புப் படிவு வெடித்தால் இவை ஓடிவந்து குவிந்து குழாயையே அடைத்துவிடும். வழக்கமான இரத்தப் பரிசோதனைத் தாளில் இந்தக் குணம் தெரியாது.

எனக்குச் சீனி வருத்தம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல் 95தான். கிளினிக்கில் ஏன் கொழுப்பைக் குறைக்கும் அட்டோவஸ்டாடின் தருகிறார்கள்? (சாவகச்சேரி)

எண் கூடாவிட்டாலும், சீனி வருத்தத்தில் உங்கள் எல்.டி.எல் துகள்கள் சிறியவையாக, அடர்த்தியாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கலாம்; அவை குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையும். ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு கூடி, நல்ல கொழுப்பான எச்.டி.எல் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்.டி.எல் அவ்வளவு கூடாத 2,838 சீனி நோயாளர்களிடம் நடந்த கார்ட்ஸ் ஆய்வில் (2004), தினமும் 10 மில்லிகிராம் அட்டோவஸ்டாடின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது. தயவுசெய்து நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். தசை நோவு வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணை அஸ்பிரின் போடுகிறார். நானும் போடலாமா? (வல்வெட்டித்துறை)

அவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் அது அவருக்கு அவசியம். உங்களுக்கு அப்படி எதுவும் வராவிட்டால் கணக்கு மாறும். உங்களைப் போன்ற 15,480 சீனி நோயாளர்கள் பங்கேற்ற அசென்ட் ஆய்வில் (2018) அஸ்பிரின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 12 சதவீதம் குறைத்தது. பெரிய இரத்தப்போக்கை 29 சதவீதம் கூட்டியது. வைத்தியர் சொல்லாமல் தொடங்காதீர்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் வினையாகிவிடும். ஏற்கெனவே போடுகிறவர்கள் காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்; சிறுதட்டுகளை ஒட்டவிடாத அஸ்பிரினின் விளைவு 7 முதல் 10 நாள் வரை இருக்கும்.

சொதியை விடவேண்டுமா? (கொக்குவில்)

தேங்காயின் முதற்பாலைக் குறையுங்கள், அது எல்.டி.எல்லைக் கூட்டும். ட்ரைகிளிசரைட் கூடியிருந்தால் சொதியை விடப் புட்டின் அளவையும், தேத்தண்ணியோடு கடிக்கும் பனங்கட்டியையும், கள்ளையும் பாருங்கள்.