மூத்தவளை ஏன் மாடிக்கு அனுப்பினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். சில வார்த்தைகள்தான் பேசுவான். 'வளர்ப்பு சரியில்லை', 'கிரகணத்தில் வெளியே போயிருப்பாய்', 'வசம்பு தேய்த்தால் பேசிவிடுவான்' என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கொழுந்தனார் நிச்சயதார்த்தத்தின்போது, பெண் வீட்டார் முன்னால் கத்திவிடுவானோ என்று மாமியார் பயந்தார். அவனை மாடி அறையில் போனோடு உட்கார வைத்துவிட்டோம். ஏழாவது படிக்கும் மூத்தவள் பார்த்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் கல்யாணம். இவர்கள் வாயை எப்படி அடைப்பது?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: வாயை அடைப்பது இருக்கட்டும். 'மூத்தவள் பார்த்துக்கொண்டாள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, முதலில் அவளைப் பற்றிப் பேசுவோம்.

கீழே அவளுடைய சித்தப்பாவுக்கு நிச்சயம். தட்டு மாற்றுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். பட்டுப் பாவாடை கட்டிய பெண் மாடியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி மறைத்து வைக்க வேண்டியவன், அவனோடு இருப்பவளும் கூடவே மறைய வேண்டியவள் என்று அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். உறவினர்கள் வருடக்கணக்கில் பேசினாலும் இந்த அளவுக்கு மனதில் பதியாது. இதைச் செய்தது அவர்கள் இல்லை, பெற்றவர்கள்.

மாமியார் பயந்தார் என்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொன்னார்? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் இல்லவே இல்லை. தன் அம்மாவிடம் 'என் பையன் கீழேதான் இருப்பான்' என்று சொல்ல வேண்டியவர் அவர். மருமகள் சொன்னால் அது சண்டையாகிவிடும். மகன் சொன்னால் இரண்டு நாள் முகம் தூக்குவார்கள், பிறகு சரியாகும்.

இன்னொன்று. அந்தப் பெண் ஆறு வாரத்தில் உங்கள் குடும்பத்துக்கு வரப்போகிறாள். அப்புறம் பையனை எந்த மாடியில் ஒளிப்பீர்கள்? ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கிரகணத்துக்கோ உங்கள் வளர்ப்புக்கோ அதில் வேலையே இல்லை. 'இது குடும்பத்தில் வருமா?' என்று பெண் வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள், கேட்க அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. மறைத்துச் செய்கிற சம்பந்தம் எனக்குச் சம்மதம் இல்லை. உண்மையைச் சொல்லி, வேண்டுமானால் மரபணு ஆலோசனைக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

இனி கல்யாணம். பையன் வர வேண்டும். ஆனால் மூன்று வேளையும் மண்டபத்தில் கிடக்க வேண்டியதில்லை, நாற்பது நிமிடம் போதும். கெட்டிமேளம்தான் அவனுக்கு எமன். தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகு அழைத்து வாருங்கள். காதை மூடும் ஹெட்போனை இன்றே வாங்கி வீட்டில் பழக்குங்கள். முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து என்று கூட்டுங்கள். மண்டபத்தில் வைத்து முதல்முறையாக மாட்டினால் பிடுங்கி எறிவான். ஜரிகை உறுத்தும். மெல்லிய பருத்திச் சட்டையை இரண்டு முறை துவைத்து, காலர் லேபிளை வெட்டிவிட்டு, வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். முந்தின நாள் காலியான மண்டபத்தைச் சுற்றிக் காட்டுங்கள். வாசல், மேடை, கை கழுவும் இடம், திரும்பிப் போகும் வண்டி என்று வரிசையாகப் போட்டோ எடுத்து அவனுக்குத் தினமும் காட்டுங்கள். வண்டிப் படத்தை விட்டுவிடாதீர்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் அவனால் பொறுக்க முடியும். சாப்பாடு வீட்டு டப்பாவில் வரட்டும். பந்தியில் உட்கார வைத்து அவனைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

காதைப் பொத்துவதோ, முனகுவதோ, கையை வேகமாக உதறுவதோ தெரிந்தால் அப்போதே வெளியே அழைத்துப் போங்கள். அலறல் வரும்வரை காத்திருப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மெல்ட்டவுன், அதாவது சத்தமும் கூட்டமும் தாங்காமல் தன்னை மீறி அலறுவது, வந்துவிட்டால் அவனோடு ஒருவர் மட்டும் இருந்தால் போதும். பேச்சு வேண்டாம், அதட்டல் வேண்டாம், லட்டு நீட்ட வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். அரைமணி நேரம்கூட ஆகலாம். மணமகன் அறையை இதற்குக் கேட்டு வையுங்கள். அடங்கியதும் கதவைத் திறந்து மறுபடி கூட்டி வாருங்கள், அல்லது வீட்டுக்குக் கிளம்புங்கள். விருந்து முடியும்வரை உள்ளேயே வைத்திருந்தால் அது பழைய மாடி அறைதான்.

பார்த்துக்கொள்ளும் முறை உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்குப் பாதி. மாப்பிள்ளையின் அண்ணன் என்பதால் அவருக்கு மேடையில் வேலை இருக்கும், இருக்கட்டும். இருபது நிமிடம் மேடை அவர் இல்லாமலும் ஓடும். மகளுக்கு முறையே கிடையாது.

கேட்பவர்களுக்கு வியாதிக் கதை சொல்லாதீர்கள். "எங்கள் பையன். ஆட்டிசம். சத்தம் ஆகாது. பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசுங்கள்." என்ன செய்வதென்று தெரியாமல்தான் பாதிப்பேர் உளறுகிறார்கள். செய்ய ஒன்றைச் சொன்னால் செய்வார்கள். வசம்புக்காரர்களுக்கு "டாக்டர் வேண்டாம் என்றார்" என்பது போதும். அதே பதிலை மறுபடி மறுபடி சொல்லுங்கள், விளக்கம் சேர்த்தீர்களானால் விவாதம் தொடங்கிவிடும். வசம்பு வாந்தி வரவழைக்கும், பேச்சு வரவழைக்காது. சபையில் வைத்து அவனை வேண்டுமென்றே கேவலப்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒன்றை நினைவூட்டலாம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 92. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. நாத்தனாரைக் கம்பி எண்ண வைக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்தாலே சில நாக்குகள் சுருளும்.

மகளிடம் 'அன்று உன்னை மேலே அனுப்பியது எங்கள் தப்பு' என்று இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். 'எங்களுக்குப் பிறகு தம்பிக்கு நீதான்' என்ற பேச்சை அவள் காதில் இனி போடவே கூடாது. மகனுக்குப் பதினெட்டு வயதான பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பது பெற்றவர்கள் வேலை. வளர்ந்த பிறகு அவளாக முன்வந்தால் அது வேறு.

பெண் வீட்டாருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கணவர் போன் செய்யட்டும். கொழுந்தனாரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.