பதினோரு கிலோ ஸ்டீல் சைக்கிள்: முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி: சேரன்மகாதேவியில் வசிக்கிறேன். வயது 46, உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. கன்னடியன் கால்வாய்க் கரை, கொழுந்துமாமலை அடிவாரத்துச் சரள்பாதை, விடுமுறை நாளில் மணிமுத்தாறு அணை வரை சைக்கிள் ஓட்டுவது வழக்கம். இப்போதுள்ள சைக்கிள் 17 கிலோ. மதகுகளில் தூக்கி இறக்கத் தோள் விட்டுப்போகிறது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, எடை குறைந்த ஸ்டீல் ஹார்ட்டெயில் வாங்க ஆசை. வெளியூர் ஏஜென்ட் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய குரோமோலி பிரேமில் கட்டிய சைக்கிள் இருக்கிறது, மொத்தம் 11 கிலோதான், விலை 62,000 ரூபாய், பாதியை முன்பணமாக அனுப்புங்கள் என்கிறார். ஸ்டீல் என்பதால் உடைந்தாலும் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம் என்றும் சொல்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா ஐயா?

பதில்: அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள். ஸ்டீல் ஹார்ட்டெயில் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. கால்வாய்க் கரைக்கும் சரளுக்கும் ஏற்ற வண்டி அது. நல்ல குழாயில் செய்த பிரேம் என்றால் உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளையும் ஓட்டலாம். ஆனால் உங்களுக்குக் காட்டியிருக்கும் சைக்கிள் 11 கிலோ இருக்க வழியே இல்லை.

கூட்டிப் பாருங்கள். நல்ல குரோமோலி பிரேம் 2.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பிளாஸ்டிக் திருகு தெரிகிறது. உள்ளே சுருள் ஸ்பிரிங் உள்ள ஃபோர்க்கின் அடையாளம் அது. அது மட்டுமே இரண்டரை கிலோ வரும். டயர் மாட்டாத சக்கரங்கள் இரண்டும் 2.2, டயர்கள் 1.5, ட்யூப்கள் 0.4, பெடல் மாட்டும் கிராங்க் 1.0, பின் பல்சக்கரமும் செயினும் கியர் மாற்றிகளும் 1.2, பிரேக் 0.8, ஹேண்டில்பாரும் சீட்டும் சீட் கம்பியும் 1.4, பெடல் 0.4. மொத்தம் 13.8 கிலோ. இதில் தண்ணீர் பாட்டில் தாங்கிகூட இல்லை. இப்படி விற்பவர்கள் சொல்லும் எடை பெரும்பாலும் மிகச் சிறிய அளவு பிரேமுக்கு, பெடல் இல்லாமல், கம்பெனி விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணாக இருக்கும்.

ஸ்டீலைப் பற்றி உங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். மலிவானதோ உயர்ந்ததோ, எந்த ஸ்டீலும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம் எடைதான். குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த குரோமோலி உறுதி கூடியது என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாகச் செய்யலாம். எடை குறைவது அதனால்தான். நல்ல குழாயில் இரு முனையிலும் சுவர் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்று இருக்கும். பற்றவைக்கும் சூடும் பாரமும் முனையில் விழுவதால் அங்கே தடிமன் தேவை, நடுவில் தேவையில்லை. பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் இந்த முறைக்கு 1897-லேயே காப்புரிமை பெற்றுவிட்டது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி குழாயின் சுவர் எவ்வளவு என்பதே. அதற்குப் பதில் வராத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட் படத்தில் பிரேமின் மேல் காந்தத்தை ஒட்டிக் காட்டியிருக்கிறார். குரோமோலியிலும் காந்தம் ஒட்டும், பால்காரர் சைக்கிளிலும் ஒட்டும். அலுமினியம் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரையும் நம்பாதீர்கள். ரெனால்ட்ஸ், கொலம்பஸ், டாங்கே என்று குழாய் செய்யும் எந்த நிறுவனத்தின் பெயரையும் எந்த அச்சகத்திலும் அடித்துவிடலாம். ஸ்டிக்கர் உண்மையானதாகவே இருந்தாலும் அது முன் முக்கோணத்துக்கு மட்டும், சில நேரம் ஒரே ஒரு குழாய்க்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம். பின்பக்கக் குழாய்கள் சாதாரண ஸ்டீலாக இருக்கக்கூடும். எல்லாக் குழாயும் குரோமோலியா என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சீட் கம்பியை உருவி எடுங்கள். இதற்கு மேல் இழுக்காதே என்ற கோட்டுக்குப் பக்கத்தில் அதன் விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய அளவு பிரேம்களில் சீட் குழாயின் வெளி விட்டம் 28.6 மி.மீ. அதில் 27.2 கம்பி நுழைகிறது என்றால் சுவர் ஏறத்தாழ 0.7 மி.மீ.; மெல்லிய, நல்ல குழாய். 25.4 கம்பிதான் நுழைகிறது என்றால் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது கனத்த, மலிவான குழாய். அதோடு, கீழ்க் குழாயின் நடுவில் விரல் நகத்தால் சுண்டுங்கள். மெல்லிய குழாய் கணீரென்று ஒலிக்கும், தடித்தது மொத்தென்று அடங்கிவிடும்.

உங்கள் மூன்றாவது படம்தான் எனக்குக் கவலை தருகிறது. பின்சக்கரத்தின் இடது பக்கம் டிஸ்க் பிரேக் பிடிக்கும் பட்டை இருக்கிறதே, அதைச் சுற்றி மட்டும் பெயிண்ட் ஒரு நிறம் தூக்கலாக இருக்கிறது. பற்றவைப்பின் வரி கட்டிகட்டியாக இருக்கிறது. மற்ற இணைப்புகளில் அது மீன் செதில்போல் ஒரே சீராக ஓடுகிறது. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் மாட்டும் குமிழ்களும் அப்படியே நிற்கின்றன. அதாவது டிஸ்க் பிரேக் வழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய 26 அங்குலச் சக்கரப் பிரேம் இது. யாரோ உள்ளூரில் பட்டையை வைத்துப் பற்றவைத்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும்போது அந்த ஒரு புள்ளியில்தான் முழு விசையும் விழும். அதைத் தாங்கும்படி செய்யாத மெல்லிய குழாய் அது. இறக்கத்தில் அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. குட்டையான ஃபோர்க்குக்கு வடிவமைத்த பிரேமில் இன்றைய நீள ஃபோர்க்கை மாட்டியிருப்பதால் முன்பக்கம் எழும்பி நிற்கிறது. ஃபோர்க் நுழையும் கழுத்துக் குழாய்க்கு அதுவும் கூடுதல் சுமை.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய பிரேம்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேரும். மோதி நெளிந்ததும் உள்ளே துருப்பிடித்ததும் புதுப் பெயிண்டில் மறையும். படம் மட்டும் அனுப்புவார்கள். பாதிப் பணம் போனதும் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, இன்னும் எட்டாயிரம் அனுப்புங்கள் என்பார்கள். கையில் இருப்பதாகச் சொன்ன சைக்கிள் கஸ்டம்ஸுக்கு எப்படிப் போனது என்று கேட்டால் பதில் வராது. பில் கேட்டால், பில் போட்டால் விலை கூடும் என்பார்கள். 2025 செப்டம்பரிலிருந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஐந்து சதவீதத்துக்குப் பயந்து பில்லை விடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். ஆனால் பில் இல்லாமல் போய் நின்றால் எதை வைத்து வழக்கை நிலைநிறுத்துவீர்கள்? பழைய வெளிநாட்டுப் பிரேம் என்று யார் கொண்டுவந்தாலும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 பட்ஜெட்டில் சைக்கிள் இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்த்தினார்கள். உள்நாட்டுத் தொழிலைக் காக்கவாம். காக்கட்டும். ஆனால் நம் கடைகளில் ஸ்டீல் மலைச் சைக்கிள் என்று நிற்பவற்றில் பெரும்பாலானவை 16, 17 கிலோ எடையுள்ள சாதாரண ஸ்டீல்தானே? லேசான குரோமோலி கேட்டால் விற்பனையாளருக்கே அந்தச் சொல் புதிதாக இருக்கிறது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் கிராம் கணக்கை அச்சிடாமல் விற்க முடியாத நாட்டில், நாற்பதாயிரம் ரூபாய் சைக்கிளில் எடை எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு எண்ணை எழுதச் செய்தால் இந்த ஏமாற்றில் பாதி நின்றுவிடும். அதுவரை தராசை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டி எடைபோடும் தொங்கு தராசு போதும். சீட்டுக்கு அடியில் கொக்கியை மாட்டி, பெடலோடு தூக்குங்கள். தராசைக் கண்டதும் முகம் மாறும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

சரி, எடையை எங்கே குறைப்பது? நல்ல ஸ்டீல் பிரேமுக்கும் அலுமினியப் பிரேமுக்கும் வித்தியாசம் முக்கால் கிலோவுக்கு மேல் போகாது. ஆனால் சுருள் ஸ்பிரிங் ஃபோர்க்கை விட்டு, காற்றழுத்த ஃபோர்க் போட்டால் அங்கேயே அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். உங்கள் எடைக்குத் தக்கபடி காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் முடியும். ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கி எழுந்தால் உங்கள் பாதைக்குத் தாராளம். அடுத்து சக்கரம். ரிம்மிலும் டயரிலும் குறையும் எடையை மிதிக்கும்போதே கால் உணரும்.

டயரில் மட்டும் நம் ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. மிக லேசான டயரை வாங்கிவிடாதீர்கள். உடைமுள் அதன் மெல்லிய பக்கத்தை ஒரே குத்தில் துளைத்துவிடும். கால்வாய்க் கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்ட வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 29 அங்குலம், இரண்டேகால் அங்குல அகலம், மடிக்கக்கூடிய விளிம்பு, ட்யூப் இல்லாமல் உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் திரவம்: இதுதான் என் சிபாரிசு. டயர் ஒன்றுக்கு நூறு மில்லி போதும். நம் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றவில்லை என்றால், சீலன்ட் இருக்கிறது என்ற நம்பிக்கையில் முள்ளில் ஏற்றி, நடந்துதான் வீடு திரும்புவீர்கள்.

ஸ்டீல் என்றால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டும் கிரில்லும் பற்றவைக்கும் ராடை அரை மில்லிமீட்டர் குழாயில் வைத்தால் ஓட்டைதான் விழும். ஆர்கான் வெல்டிங், அதுவும் மெல்லிய குழாயில் கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது.

ஸ்டீல் வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் கடற்கரை. சேரன்மகாதேவிக்கு இது பொருந்தாது. ஆனால் உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கத்தில் இருப்பவர்களும் உங்களைப் பார்த்து வாங்கக்கூடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். துரு வெளியே மட்டும் தொடங்குவதில்லை. சீட் குழாயின் வாயில் உள்ள பிளவு வழியாக மழைநீரும் ஈரக்காற்றும் இறங்கி, கிராங்க் இருக்கும் அடிக்கூட்டில் தேங்கும். உப்பு கலந்த ஈரம் லேசில் உலராது. தடித்த குழாயில் துரு அரிக்க நிறைய இருக்கிறது. அரை மில்லிமீட்டர் சுவரில் என்ன இருக்கிறது? வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சல்லடையாகிவிடும். அவர்கள் அலுமினியம் வாங்கட்டும். வேலை நிமித்தம் உவரியில் இருந்துகொண்டு, பாளையங்கோட்டை வீட்டில் சைக்கிளை வைத்து ஓட்டுபவர் என்றால் ஸ்டீல் வாங்கலாம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு எப்போதாவது கடற்கரைக்கு ஓட்டிப் போகிறவரும் வாங்கலாம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சைக்கிள் இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. கடல் காற்று படும் திண்ணையில் நிற்கிறது என்றால் எவ்வளவு உயர்ந்த குரோமோலியும் தாங்காது.

உள்நாட்டிலும் சாரல் காலத்துக்கு முன் சீட் கம்பியைக் கழற்றி, குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, பிரேமை நான்கு பக்கமும் புரட்டிவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய் வடிந்து, உள்ளே படலமாக உறைந்துகொள்ளும். பல பிரேம்களில் அடிக்கூட்டின் கீழே ஒரு சிறு துளை இருக்கும். சேறு அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

உங்கள் 62,000 ரூபாய்க்கு நான் சொல்வது இது. எல்லாக் குழாயும் குரோமோலியான புதுப் பிரேம், பில்லோடும் பிரேமுக்கான உத்தரவாதத்தோடும் கிடைத்தால் வாங்குங்கள். கையில் இருக்கும் தொகையில் பிரேமைவிட ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் அதிகம் ஒதுக்குங்கள். தராசில் 13 கிலோ காட்டினால் அது நல்ல சைக்கிள். உங்கள் தோளில் இப்போதைவிட நான்கு கிலோ குறைவு. அப்படி ஒன்று அந்த விலைக்குள் அகப்படவில்லை என்றால் காற்றழுத்த ஃபோர்க் உள்ள அலுமினிய ஹார்ட்டெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் என்ற பெயருக்காக இன்னொரு 17 கிலோ வண்டியை மதகில் தூக்க வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 17 அல்லது 18 அங்குலப் பிரேம் சரியாக இருக்கும். இரண்டு அளவையும் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைப் பக்கம் ஏறும் எண்ணம் இருந்தால், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சைக்கிள்தானே என்று சோதனைச் சாவடியைக் கடக்க முடியாது. வனத்துறை அனுமதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மலையேற்றத்துக்கென்று பெரிய ஃபோர்க்குக்கும் விலை கூடிய கியருக்கும் இப்போதே பணத்தைப் போடாதீர்கள்.