பாம்பனில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 45,000 ரூபாய் இருக்கிறது: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

மகளின் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும்தானே? லேப்டாப்பே வாங்குங்கள். கரண்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்தது அழியாது. டெஸ்க்டாப் என்றால் கரண்ட் போகும்போது கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ் பேட்டரிக்குச் செலவு தனி. 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) போதும். பின்னால் ரேம் கூட்ட இடமிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நம் உப்புக்காற்று. பக்கத்து ஊர் மண்டபத்தில் ஜன்னலோரம் வைத்திருந்த என் பழைய சிபியுவைத் திறந்தபோது ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, யுஎஸ்பி துளைக்குள் பச்சை பூத்திருந்தது. கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்கவே வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஆஃப் செய்து, சூடு ஆறியபின் பையில் போட்டு மூடுங்கள்.