மூன்று பேர், மூன்று வேகம்

கேள்வி: நான், தம்பி, அக்கா மகள் மூவரும் முதல்முறையாக அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். தம்பி வேகமாக ஓடுவான், நான்தான் கடைசி. கைகோத்தபடி முடிவுக்கோட்டைத் தாண்ட ஆசை. நடக்குமா?

பதில்: நடக்கும், தம்பி சம்மதித்தால்! சேர்ந்து ஓடுவது என்றால் உங்கள் வேகத்தில்தான் ஓட வேண்டும், நீங்கள் அவர் வேகத்துக்கு இழுபடக் கூடாது. தூரம் 21.0975 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வித்தியாசம் என்றாலே முடிவில் 21 நிமிட இடைவெளி விழும், நடுவில் நின்று காத்திருந்தால் அவருக்குக் கால் இறுகிவிடும். அதனால் இதை முன்பே பேசிவிடுங்கள், ஓடும்போது பேசினால் சண்டைதான். முதல் ஐந்து கிலோமீட்டரில் மூவரும் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். கூட்டத்தின் உற்சாகத்தில் அங்கே பறப்பவர்கள்தான் 16, 17ஆவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குகிறார்கள். வாரம் ஒருமுறை வரும் நீண்ட ஓட்டத்தை மட்டுமாவது மூவரும் சேர்ந்தே ஓடிப் பழகுங்கள், மற்ற நாட்களில் அவரவர் பாடு.

அப்புறம், புது ஷூ அன்றைக்கு வேண்டாம். பாசத்தில் ஒருவருக்கொருவர் தண்ணீரைத் திணிக்கவும் வேண்டாம், அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். யாருக்காவது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அவரைத் தனியே விடாமல் நின்று மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். வெறும் களைப்பு என்றால் பின்தங்குபவரை விட்டுப் போகலாமா என்பதை மட்டும் முதல்நாள் இரவே முடிவு செய்துகொள்ளுங்கள்.