கெரம் பலகைக்கு 20 வருடமா?

வணக்கம் ஐயா,

முன்னாள் அமைச்சர்கள் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடம், நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடம் சிறை என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தபோது சந்தோஷப்பட்டேன். யோசித்துப் பார்த்தால், கெரம் பலகை வாங்கியதற்கு இது கூடிப்போனதுபோலப் படுகிறது. கொலைக் குற்றவாளிகளே பொதுமன்னிப்பில் வெளியே வந்த நாடு இது. நியாயம் எங்கே?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்குக் கூடிப்போனதாகத் தெரியவில்லை. அரசின் விற்பனை நிறுவனமான சதொச ஊடாக 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் வாங்கி, 2015 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி விளையாட்டுக் கழகங்களுக்குக் கொடுத்தார்கள். அரசுக்கு நட்டம் 5 கோடி 30 இலட்சம் ரூபாய். மக்கள் காசில் வாக்குச் சேர்த்த அமைச்சருக்கு நீண்ட கடூழியச் சிறை கொடுத்ததில் பிழையே இல்லை.

என் பயமெல்லாம் மன்னிப்பைப் பற்றித்தான். அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையை வாசித்துப் பாருங்கள். மரண தண்டனைக் கைதியை மன்னிப்பதென்றால், விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு மூன்றும் வேண்டும். சிறைத் தண்டனைக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஊழலுக்கு உள்ளே போன ஒருவரை விடுவிக்க ஜனாதிபதி இவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கத் தேவையில்லை. நிபந்தனை இருந்த இடத்திலேயே என்ன நடந்தது? கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவை 2021இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய விடுவித்தார். அடுத்த மாதமே வீடமைப்பு அதிகாரசபைக்குத் தலைவராகவும் ஆக்கினார். அந்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தபோது 2024 ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 8 தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற சிப்பாயும் 2020இல் இப்படித்தான் வெளியே வந்தார். நம்மவர்கள் யாருக்கும் அது மறக்காது.

அதற்காக மன்னிக்கும் அதிகாரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் மறியலில் கிடக்கும் ஏழைகள் வெசாக்குக்கு வீடு போவது அதனால்தான். 2018இல் மனைவியின் செத்தவீட்டுக்குக் கிளிநொச்சிக்குக் கூட்டிவரப்பட்ட ஆயுள் கைதியின் பின்னாலேயே சிறை வாகனத்தில் ஏறினாளே ஒரு சின்னப் பிள்ளை, அந்தத் தகப்பனுக்காகத்தான் அப்போது ஜனாதிபதியிடம் கருணை கேட்டார்கள். கருணை போக வேண்டிய இடம் அதுதான்.

அரசியல்வாதிகளின் சிறைத் தண்டனைக்கும் அந்த மூன்று பேரின் கருத்தைக் கட்டாயமாக்க வேண்டும். மன்னித்த காரணத்தை வர்த்தமானியில் போட வேண்டும். அப்புறம், நட்டத்தைத் திருப்பிக் கட்டாதவரின் மனுவை ஜனாதிபதி செயலகம் கையில் எடுக்கவே கூடாது.